முத்தியால்பேட்டை மாடி ஜிம்: வெயிட்ஸ் உள்ளே, கார்டியோ கடற்கரையில்

ஏசி, சுவர் முழுக்கக் கண்ணாடி, வரிசையாக ட்ரெட்மில் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்த ஜிம் பிடிக்காது. முத்தியால்பேட்டையில் ஒரு கடைக்கு மேலே முதல் மாடி, காற்றுக்கு ஃபேன்தான். ட்ரெட்மில் ஒன்றே ஒன்று. வேகத்தைக் கூட்டினால் அதன் பெல்ட்டும் நழுவுகிறது. இருந்தும் வெயிட்ஸ் பழக நினைக்கும் பாண்டிச்சேரிப் பெண்களுக்கு, முக்கியமாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

எனக்கு வயது 47. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற அலுவலக வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் முதலில் வேறொரு பெரிய ஜிம்மில்தான் சேர்ந்தேன். அங்கே பெண்கள் வந்தாலே நேராக ட்ரெட்மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள். டம்பெல் பக்கம் போனால், "வெயிட் தூக்கினா உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும் மேடம்" என்பார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசை. முப்பது வயதுக்கு மேல் அந்தத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பும் சேர்ந்து பலம் இழக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பெண்ணிடம் வெயிட்ஸ் வேண்டாம் என்பது அநியாயம்.

இங்கே முதல் நாள் மாஸ்டர் எடை மெஷின் பக்கமே போகவில்லை. "வாரத்துல எந்தெந்த நாள் வர முடியும்க்கா?" என்று கேட்டு, ஒரு நோட்டில் ஏழு கட்டம் போட்டார். திங்கள் கால்கள், புதன் தோளும் முதுகும், வெள்ளி முழு உடம்பு. மூன்று நாளும் வெயிட்ஸ் முடிந்த பிறகு கால் மணி நேரம் சைக்கிள். செவ்வாய்க்கிழமை 45 நிமிடம் நிதானமான நடை, சனிக்கிழமை ஒரு மணி நேரம் வேகமான நடையும் இடையிடையே ஓட்டமும். வியாழனும் ஞாயிறும் ஓய்வு. சைக்கிள், நடை, ஓட்டம் என்று மூச்சும் இதயத் துடிப்பும் ஏறுகிற கார்டியோவைக் கூட்டிப் பார்த்தால் 150 நிமிடம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

கட்டங்களின் வரிசையிலும் விஷயம் இருக்கிறது. வேகமாக ஓடுவது சனிக்கிழமை, கனமான ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) திங்கட்கிழமை, நடுவில் ஒரு நாள் கால்களுக்கு ஓய்வு. ஒரே நாளில் இரண்டும் என்றால் வெயிட்ஸ்தான் முதலில். களைத்த காலோடு பாரை, அதாவது பிளேட் மாட்டும் இரும்புக் கம்பியை, தோளில் ஏற்றக் கூடாது என்பதில் மாஸ்டர் கறார். 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பத்து வாரம் சோதித்துப் பார்த்தார். வெயிட்ஸ், கார்டியோ இரண்டையும் கடுமையாகச் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கால் பலம் ஏறிக்கொண்டே வந்து, கடைசி வாரங்களில் இறங்கத் தொடங்கியது. ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் வெயிட்ஸும் ஆறு நாள் கார்டியோவும் செய்தவர்கள். நம்மைப் போல அளவாகச் செய்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு நடையை நிறுத்த வேண்டியதில்லை.

இந்த ஜிம்மில் எனக்கு ரொம்பப் பிடித்தது சின்னச் சின்ன பிளேட்டுகள். பொதுவாக ஜிம்களில் 20 கிலோ பார்தான் இருக்கும். புதிதாக வரும் பெண்ணுக்கு அந்த வெறும் பாரே பாரம். இங்கே 15 கிலோ பாரும் அதைவிட லேசான ஒன்றும் வைத்திருக்கிறார்கள். 1.25 கிலோ பிளேட் இரண்டு ஜோடி. 30 கிலோ ஸ்குவாட் சுலபமாகிவிட்டால் பாரில் பக்கத்துக்கு ஒன்று மாட்டி அடுத்து 32.5 போகலாம். அந்தப் பிளேட் இல்லாத இடத்தில் ஒரே தாவலாக 35-க்குப் போக வேண்டியிருக்கும்; முட்டி அதை ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு செட்டும் நோட்டில் ஏறுகிறது. கடல் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிற ஊர் இது. வாரக் கடைசியில் மாஸ்டரே பிரஷ்ஷும் எண்ணெயுமாக உட்கார்ந்து பார்களைத் தேய்த்து வைக்கிறார். கையில் துரு ஒட்டுவதில்லை.

கார்டியோவுக்குக் கடற்கரைச் சாலை இருக்கும்போது ட்ரெட்மில் எதற்கு? சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7:30 வரை அங்கே வண்டிகள் வராது. காந்தி சிலையைத் தாண்டி டூப்ளே சிலை வரை போய்த் திரும்பலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. மே மாதம் என்றால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அந்த நழுவும் ட்ரெட்மில் தொல்லையாகிறது. அப்போது ஸ்கிப்பிங் கயிறுதான் கை கொடுக்கிறது.

குறைகளும் உண்டு. ஸ்குவாட்டுக்குப் பாரைத் தாங்கி நிற்கும் ரேக் ஒன்றுதான். மாலையில் போனால் ஒவ்வொரு செட்டுக்கும் காத்திருக்க வேண்டும். பெண்கள் உடை மாற்றும் அறையில் இருவர் நிற்க முடியாது. பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய நேரம் காலை 10 முதல் 12 வரை. வேலைக்குப் போகிற பெண் எப்படி வருவாள்? மாலையில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.

கட்டணம் மாதம் 1,000 ரூபாய், நுழைவுக் கட்டணம் கிடையாது. முட்டிவலி, ரத்த அழுத்தம் இருந்தால் முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப மாற்றித் தருகிறார். காலை ஐந்தரைக்குப் போனால் ரேக் காலியாக இருக்கும்.