வெளி ஆப்பை மூடிவிட்டு, தங்கள் ஆப்பையே பயன்படுத்தச் சொல்கிறார்கள்: எட்டு மாத அனுபவம்

கம்பத்திலிருந்து குமுளி வழியாகக் கேரளத்துக் கட்டப்பனை வரைக்கும் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். பன்னீர் திராட்சை, வாழைத்தார், காய்கறி, எது கிடைத்தாலும். ஒரு சமூக வலைத்தளத்தில் எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் சேர்ந்து குழு வைத்திருக்கிறோம். "லோயர் கேம்ப் தாண்டி மரம் விழுந்து கெடக்கு", "இரைச்சல் பாலத்துக்கிட்ட லாரி நின்னுபோச்சு, கம்பம்மெட்டு வழியா ஏறிக்கோங்க" என்று யார் எதைப் பார்த்தாலும் உடனே போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தத் தளம் வேண்டியது இதற்கு மட்டும்தான். ஆறு வருடமாக அதை அவர்களுடைய சொந்த ஆப்பில் நான் பார்த்ததே இல்லை, வெளியாள் ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்த சின்ன ஆப்பில்தான் பார்த்தேன். போன ஆடியில் ஒரு நாள் காலையில் அது லாகின் ஆகவில்லை. வெளி ஆப்களுக்கு இனி அனுமதி இல்லை என்று தளம் முடிவெடுத்துவிட்டது. அன்றிலிருந்து அதிகாரப்பூர்வ ஆப்தான்.

முதலில் பழையது என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். திறந்தால் எழுத்து மட்டும் வரும், படம் வேண்டுமென்றால் தொட வேண்டும். புதிய பதிவு மேலே, பழையது கீழே, அவ்வளவுதான் வரிசை. மலை ஏறுவதற்கு முன்னால், கம்பம் பக்கத்துக் கூடலூரில் சிக்னல் இருக்கும்போதே குழுவின் பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ளும், மலையில் டவர் போய்விட்டாலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் படித்துவிடலாம். குறிப்பிட்ட சொல் வரும் பதிவுகளை மறைக்கவும் வழி இருந்தது. இதற்கு ஒரே ஒரு முறை 150 ரூபாய் கட்டினேன், அதற்குமேல் அவர் கேட்டதில்லை.

இப்போது அதிகாரப்பூர்வ ஆப். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும், முப்பது பெட்டி திராட்சையோடு கிளம்பினேன். கூடலூரில் ஆப்பைத் திறந்தால் முதல் பதிவே "பாதை கிளியர், தாராளமா ஏறலாம்". அதை நம்பி ஏறினேன். லோயர் கேம்ப் தாண்டியதும் எனக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, மேலே மண் சரிந்து கிடக்கிறது. அங்கே நின்றுகொண்டு மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பதிவு முந்தின நாள் மத்தியானம் போட்டது. நிறைய பேர் லைக் போட்டிருந்ததால் மேலே தூக்கி வைத்திருக்கிறது. மண் சரிவு பற்றி ஒரு தம்பி இரண்டரை மணிக்கே போட்டிருக்கிறான். அது விளம்பரங்களுக்கும் ஒரு டான்ஸ் வீடியோவுக்கும் கீழே பத்தாவதோ பதினொன்றாவதோ இடத்தில் கிடந்தது. பாதை திறக்கக் காலை ஒன்பதரை ஆகிவிட்டது. பன்னீர் திராட்சை மெல்லிய தோல், அடிப்பெட்டியெல்லாம் கசிந்துவிட்டது. கட்டப்பனைக் கடைக்காரர் விலையைக் குறைத்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நேர வரிசை அந்த ஆப்பில் இல்லாமல் இல்லை. இரண்டு மெனு உள்ளே போனால் இருக்கிறது. ஆனால் மூடித் திறந்தால் மறுபடி அவர்கள் விருப்ப வரிசைக்கே போய்விடும். கார்த்திகை மாதம் சபரிமலைக் கூட்டத்துக்காகக் கம்பம்மெட்டு வழியாக ஏறு, குமுளி வழியாக இறங்கு என்று பாதையை மாற்றிவிடுவார்கள். அந்த நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு முந்திய தகவல்கூட எங்களுக்கு உதவாது, அப்போதும் இந்த ஆப் நேற்றைய பதிவைத்தான் முதலில் நீட்டுகிறது.

அப்புறம் எல்லைத் தொல்லை. குமுளியில் போன் கேரளா டவரைப் பிடித்ததும் என்னை அந்தப் பக்கத்து ஆள் என்று முடிவுகட்டி, மலையாள வீடியோவும் நகைக்கடை விளம்பரமுமாகக் கொட்டுகிறது. மலையாளம் பேசுவேன், படிக்கத் தெரியாது. கீழே இறங்கி வந்த பிறகும் இரண்டு நாளைக்கு அதே கதைதான். வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வைத்தால் அடுத்த அப்டேட்டில் மறுபடி ஓடுகிறது, ஒரு நாளைக்கு உள்ள ஒன்றரை ஜிபி மத்தியானத்துக்குள் காலி.

கூடலூரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை வைத்துத்தான் போன் பார்க்கிறார். பழைய ஆப்பில் ஒவ்வொரு பதிவும் யார் போட்டது, எப்போது போட்டது என்று தெளிவாக வாசித்துக் காட்டும். இதில் பாதி இடத்தில் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்கிறது. என்ன பட்டன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் குழுவைப் பார்ப்பதையே விட்டுவிட்டார், எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

இந்தக் கதை எங்கள் தளத்தோடு முடிவதில்லை. ட்விட்டர் 2012லேயே வெளி ஆப்களுக்கு ஒரு லட்சம் பயனர் என்று வரம்பு போட்டது, 2023 ஜனவரியில் ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் போன்றவற்றை முன்னறிவிப்பே இல்லாமல் துண்டித்தது, வெளி ஆப் கூடாது என்று விதியை ஒரு வாரம் கழித்துத்தான் மாற்றி எழுதியது. குழுக்களாகப் பேசிக்கொள்ளும் ரெடிட் தளம் அதே வருடம் ஏபிஐ பயன்பாட்டுக்கு, அதாவது வெளி ஆப்கள் தன்னிடமிருந்து பதிவுகளைக் கேட்டு வாங்கும் வழிக்கு, விலை வைத்தது. 5 கோடி கோரிக்கைக்கு 12,000 டாலர், தன் ஆப்புக்கு வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரும் என்று, ரெடிட்டைப் படிக்க அப்போலோ என்ற வெளி ஆப்பைச் செய்த கிறிஸ்டியன் செலிக் கணக்குச் சொன்னார். விலை தெரிந்ததற்கும் அது அமலுக்கு வந்ததற்கும் நடுவில் ஒரே மாதம், ஜூன் 30ஆம் தேதி அப்போலோ மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குழுக்கள் தங்களைப் பூட்டிக்கொண்டு எதிர்ப்புக் காட்டியும் விலை குறையவில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் சில ஆப்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. எங்கள் தளம் அந்த விலக்கைக்கூடத் தரவில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ட்விட்டரின் ஐபோன் ஆப், 2010இல் ட்வீட்டி என்ற வெளி ஆப்பை விலைக்கு வாங்கிப் பெயர் மாற்றியது. திரையைக் கீழே இழுத்தால் புதுப் பதிவு வருகிறதே, இன்று எல்லா ஆப்பிலும் இருக்கிற அந்த வசதி ட்வீட்டியைச் செய்த லோரன் ப்ரிக்டர் கொண்டுவந்தது. ரெடிட்டும் 2014இல் ஏலியன் ப்ளூ என்ற வெளி ஆப்பை வாங்கியது, தன் பெயரில் புது ஆப் வெளியிட்டது 2016இல்தான். அதுவரை மக்களை அந்தத் தளங்களில் உட்கார வைத்தவர்களே வெளி ஆட்கள்தானே!

சர்வருக்குச் செலவு இருக்கிறது, வெளி ஆப்பில் அவர்கள் விளம்பரம் வராது, ஏஐ நிறுவனங்கள் பதிவுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன என்கிறார்கள். சரி, நியாயம்தான். என்னிடம் மாதம் ஐம்பது ரூபாய் கேளுங்கள், கட்டுகிறேன். ஆப் செய்தவருக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள். இரண்டும் செய்யாமல் கதவை அடைத்தால், அவர்கள் விட்ட குறையை வேறு யாரும் சரிசெய்யவும் முடியாமல் போகிறது.

இப்போதைக்கு நான் ஆப்பை எடுத்துவிட்டு பிரவுசரில்தான் குழுவைப் பார்க்கிறேன். படத்தை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், டேட்டா பாதிதான் போகிறது. ஆனால் சிக்னல் போனால் பக்கமும் போய்விடும், அதனால் கூடலூரிலேயே குழுவைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு ஏறுகிறேன்.

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். நேர வரிசை வைத்தால் வைத்தபடி நிற்க வேண்டும், அதற்கு ஒன்று கூட்டுவேன். கூடலூர் அண்ணனால் மறுபடி குழுவைப் படிக்க முடிந்தால் இன்னும் இரண்டு.