மலைத்தோட்டத்துப் பெண்களுக்கு எந்த இரும்பு ஊசி?

கேரளத்தின் பீர்மேடு, குமுளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்களுக்கு ரத்தசோகை என்றால் முதலில் கிடைப்பது மாத்திரை. விழுங்கிய கையோடு கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, பிரசவம் நெருங்கியும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டாலோ டாக்டர் டிரிப்ஸில் இரும்பு ஏற்றச் சொல்வார். முதல் மூன்று மாதக் கர்ப்பத்தில் இதைத் தவிர்ப்பார்கள்.

இரும்பு ஊசிகளில் பழைய வகையான அயர்ன் டெக்ஸ்ட்ரான் வேண்டாம் என்பேன். 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதல் ஊசியிலேயே கடும் ஒவ்வாமை கண்டவர்கள் லட்சத்துக்கு 68 பேர். டெக்ஸ்ட்ரான் அல்லாத இரும்பு ஊசிகளில் 24 பேர்.

இன்று போட்டி அயர்ன் சுக்ரோஸுக்கும் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸுக்கும்தான். சுக்ரோஸ் விலை குறைவு, நெடுநாள் பழகிய மருந்து. ஆனால் ஒரு தடவைக்கு 200 மி.கி. என்றால் 1000 மி.கி. ஏற்ற ஐந்து முறை மலையிறங்க வேண்டும். ஐந்து நாள் கூலி போகும். பாதியில் நின்றுவிடுபவர்களே அதிகம் என்று அஞ்சுகிறேன். கார்பாக்சிமால்டோஸ் எடைக்கு ஏற்ப 1000 மி.கி. வரை கால் மணி நேரத்தில் ஏறிவிடும். விலை கூடுதல், சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் குறையும், அடிக்கடி போடுபவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். அப்படியும் மலைப்பெண்ணுக்கு என் தேர்வு இதுதான்.

இரண்டிலும் கடும் ஒவ்வாமை அரிது, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. முகம் சிவந்து, நெஞ்சும் முதுகும் இறுகி, ரத்த அழுத்தம் மட்டும் குறையாமல் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் டிரிப்ஸை நிறுத்தியதும் தானே அடங்கிவிடும். அதற்கு அவசரப்பட்டு அவில் என்ற அலர்ஜி ஊசி போட்டால் அதுவே அழுத்தத்தை இறக்கிக் குழப்பக்கூடும். உடலெங்கும் தடிப்பு, நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் கதை வேறு: உடனே தொடைத்தசையில் அட்ரினலின் போட வேண்டும், அவில் அதற்கு ஈடாகாது.

முன்னோட்டமாகச் சிறிதளவு போட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இலேயே சொல்லிவிட்டது. அதில் தப்பியவருக்கும் பிறகு ஒவ்வாமை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மருந்து ஏறி முடிந்தபின் அரை மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். கீழே ஜீப் ஹார்ன் அடித்தாலும் எழுந்து போகாதீர்கள். ஆஸ்துமாவோ பழைய மருந்து அலர்ஜியோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அட்ரினலினும் ஆக்சிஜனும் இல்லாத கிளினிக்கில் கையை நீட்டாதீர்கள். கட்டப்பனைக்கோ தேனிக்கோ போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.