பாத்ரூமில் ராத்திரி விளக்கு: பேட்டரி சென்சாரா, வயர் இழுத்த சென்சாரா?

ராத்திரி யாராவது எழுந்து பாத்ரூமுக்குப் போனால் விளக்கு தானாக எரிய வேண்டும், வெளியே வந்த பிறகு தானாக அணைய வேண்டும். கேட்பது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் இந்தத் தேவை அப்பாவுக்காக வந்தது. எழுபதைத் தாண்டிவிட்டார், பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார், ராத்திரி எப்படியும் எழுந்துவிடுவார். பெரிய விளக்கைப் போட்டால் தூக்கம் கலைந்துவிடும் என்று இருட்டிலேயே போய்விட்டு வருவார். ஈரத் தரையில் அது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேட ஆரம்பித்தால் பல வகை கண்ணில் படும். யுஎஸ்பியில் சார்ஜ் செய்து காந்தத்தில் ஒட்டும் பட்டை விளக்கு, ட்ரிபிள் ஏ பேட்டரி போடும் வட்ட விளக்கு, சாதாரண ஹோல்டரிலேயே மாட்டும் சென்சார் பல்பு, தனியாக வயர் இழுத்துப் பொருத்தும் சென்சார், டாய்லெட் கோப்பை விளிம்பில் தொங்கும் கலர் விளக்கு. கடைசியாகச் சொன்னதை நான் வாங்கவில்லை. வாளியும் மக்குமாகத் தண்ணீர் புழங்குகிற நம் பாத்ரூமில், கழுவும்போதெல்லாம் கழற்றி வைக்க வேண்டிய ஒரு பொருள் கூடுதலாக எதற்கு?

இவற்றுக்கெல்லாம் முன்னால், ஜீரோ வாட் பல்பைப் பற்றிப் பேசிவிட வேண்டும். அதுதான் உண்மையான போட்டியாளர். பழைய இழை பல்பு, பெயர்தான் ஜீரோவே தவிர, 15 வாட் வரை இழுக்கும். இன்றைய எல்இடி ஜீரோ பல்பு அரை வாட். நாள் முழுக்க அணைக்காமல் எரியவிட்டாலும் இரண்டு மாத பில்லில் முக்கால் யூனிட்தான் வரும். முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கிற தமிழ்நாட்டில் இது கணக்கிலேயே வராது. மெயினில் ஓடும் சென்சாரும் சும்மா காத்திருக்கும்போது கொஞ்சம் மின்சாரம் எடுக்கத்தான் செய்கிறது. ஆகவே சென்சார் போட்டால் கரண்ட் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரை வாட் பல்போடு ஒப்பிட்டால் மிச்சம் என்று ஒன்றும் கிடையாது.

அப்புறம் ஏன் சென்சார்? எங்கள் பாத்ரூம் படுக்கையறையோடு ஒட்டியது. கதவுக்கு மேலே கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல் இருக்கிறது. ராத்திரி முழுக்க உள்ளே வெளிச்சம் இருந்தால் அது அப்படியே அம்மாவின் முகத்தில் விழும். மழைக்காலத்தில் வெளிச்சத்துக்குப் பூச்சியும் வரும், பூச்சிக்குப் பல்லியும் வரும். இந்தத் தொல்லை இல்லாத வீடாக இருந்தால், அதாவது பாத்ரூம் தனியாக ஒரு மூலையில் இருந்தால், ஒரு ஜீரோ பல்பை மாட்டிவிட்டு இதை மேற்கொண்டு படிக்காமலே போகலாம்.

சென்சார் பல்பு கேட்பதற்கு நன்றாக இருக்கும். பழைய பல்பைக் கழற்று, இதை மாட்டு, முடிந்தது. ஆனால் நம் ஊர் பாத்ரூமுக்கு சுவிட்ச் பெரும்பாலும் வெளியே கதவோரம் இருக்கும். வெளியே வருகிறவர் கை தானாகவே அந்த சுவிட்சை அணைத்துவிடும், அது வருஷக்கணக்கான பழக்கம். அணைத்துவிட்டால் சென்சாருக்கும் கரண்ட் போய்விடும். சுவிட்ச் மேல் செல்லோடேப் ஒட்டிப் பார்க்கலாம், வீட்டுக்கு வரும் விருந்தாளி அதையும் பிய்த்துவிட்டு அணைப்பார். இன்னொரு குறை வெளிச்சம். இவை பெரும்பாலும் 7 அல்லது 9 வாட் அளவில்தான் கிடைக்கின்றன. 9 வாட் என்றால் வெளிச்சத்தின் அளவு கிட்டத்தட்ட 900 லூமன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் திடீரென்று இவ்வளவு வெள்ளை வெளிச்சம் அடித்தால் கண் கூசும். உள்ளே நன்றாகத் தெரியும், திரும்பி வரும்போது படுக்கையறை குகை மாதிரி இருக்கும். படிக்கட்டுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் இது அருமையான பொருள். பாத்ரூமுக்கு ராத்திரியில் வேண்டாம்.

ஆக மிஞ்சுவது இரண்டு: பேட்டரி வகை, வயர் வகை. நான் இரண்டாவது பக்கம். இரண்டிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே பிஐஆர் சென்சார்தான், உடம்புச் சூடு நகர்வதைப் பிடிக்கிறது. பொருளின் விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எலக்ட்ரீஷியன் கூலிதான் கூடுதல். எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: இதை யார் சார்ஜ் செய்வது?

அட்டைப்பெட்டியில் மாதக்கணக்கில் வரும் என்று போட்டிருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டை விளக்கில் 1000 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் செல் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 3.7 வாட்-மணி சக்தி இருக்கும். விளக்கு ஒரு வாட் எடுத்தால் மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரம் எரியும். ஒரு தடவை அசைவு தெரிந்தால் 20 விநாடி எரியும் என்றால், ஏறக்குறைய 660 தடவை. பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒருவர் உள்ளே போய் இரண்டரை நிமிஷம் இருந்தால் அதுவே ஏழெட்டு தடவைக்குச் சமம். வீட்டில் மூன்று பேர், ராத்திரிக்கு நான்கு முறை பாத்ரூம் உபயோகம் என்றால் தினமும் முப்பது தடவை போய்விடும். மூன்று வாரத்தில் செல் காலி.

பகலில் வெளிச்சம் இருந்தால் எரியாதபடி ஒரு ஒளி உணரி இந்த விளக்குகளில் இருக்கும், உண்மைதான். ஆனால் அடுக்குமாடி வீட்டு பாத்ரூம்கள் பல, மத்தியானத்திலும் இருட்டாகத்தான் இருக்கின்றன. கால் கழுவ, கை கழுவ, துணியை ஊறப்போட என்று பெரிய விளக்கைப் போடாமல் போய் வருகிற ஒவ்வொரு முறையும் இது எரியும். அதாவது இந்த மூன்று வாரமும் இன்னும் குறையும்.

சரி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் என்ன, போன் தினமும் செய்யவில்லையா? போன் சார்ஜ் குறைந்தால் கத்தும். இந்த விளக்கு ஒன்றும் சொல்லாது. சில வகைகளில் சின்ன சிவப்புப் புள்ளி எரியும், அதைப் பார்க்க ஆள் வேண்டும். பகலில் யாருக்கும் இது தேவையில்லை, அதனால் அணைந்து கிடப்பது பகலில் தெரியாது. எரியவில்லை என்று கண்டுபிடிக்கிறவர் ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் நிற்கிற வயசானவர்தான். அவர் காலையில் அதைச் சொல்லவும் மாட்டார். எங்கள் அப்பா கேட்டால்தான் சொல்வார், கேட்டாலும் ‘பரவாயில்லை, பழகின இடம்தானே’ என்பார். விளக்கு இருக்கிறது என்று நம்பிக் கால் வைக்கிற இடத்தில் அது இல்லாமல் போவது, ஆரம்பத்திலிருந்தே விளக்கில்லாமல் இருப்பதைவிட மோசம்.

சார்ஜ் போடக் கழற்றினாலும் சிக்கல் இருக்கிறது. சாயங்காலம் கழற்றி ஹாலில் சொருகிவிட்டு மறந்தால் அன்று ராத்திரி இருட்டு. காலையில் கழற்றி, பொழுது சாய்வதற்குள் திரும்ப மாட்ட வேண்டும். வேலைக்குப் போகிற வீட்டில் இதை ஒழுங்காகச் செய்ய ஒருவருக்குப் பொறுப்பு கொடுத்தாக வேண்டும். சுவரில் காந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் இருபக்க டேப், வெந்நீர் ஆவியும் உப்புத் தண்ணீரும் படும் டைல்ஸில் ரொம்ப நாள் தாங்குவதில்லை. லித்தியம் செல்லுக்கும் நம் கோடை வெயில் ஆகாது. அடிக்கடி முழுசாகக் காலியாவதும் ஆகாது. இரண்டும் சேரும்போது, போன வருஷம் மூன்று வாரம் வந்தது இந்த வருஷம் இரண்டு வாரம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வயர் வகையில் இந்தக் கவலை எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் செய்தது இதுதான்: கதவுக்கு உட்புறம், நிலைக்கு மேலே, தண்ணீர் தெறிக்காத பக்கத்தில் ஒரு பிஐஆர் சென்சார். அதன் பக்கத்திலேயே ஒரு ஹோல்டரில் அரை வாட் வார்ம் ஒயிட் பல்பு. பெரிய விளக்கு அதன் சுவிட்சோடு அப்படியே இருக்கிறது, அதைத் தொடவில்லை. இந்தப் பாயின்ட்டுக்கு வெளியே சுவிட்சே வைக்கவில்லை, ஆகவே யாரும் அணைக்க முடியாது. வீட்டு ஆள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். விளக்கு கதவுக்கு மேலே இருப்பதால் உள்ளே போகும்போது வெளிச்சம் முதுகுப் பக்கத்திலிருந்து தரையில் விழும், கண்ணில் அடிக்காது. முப்பது நாற்பது லூமன் நான்குக்கு ஏழு அடி பாத்ரூமுக்குத் தாராளம். 6500 கெல்வின் வெள்ளை பல்பு வாங்காதீர்கள். நீலம் கலந்த வெளிச்சம்தான் தூக்கத்தை அதிகம் கெடுக்கும். 2700 அல்லது 3000 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை உண்டு. சென்சாருக்கு ஃபேஸோடு நியூட்ரலும் வேண்டும், அதனால் ஏற்கெனவே இருக்கிற சுவிட்ச் வயரிலிருந்து ஒட்டுப்போட்டுவிட முடியாது. இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கரண்ட் போன ராத்திரியில் பேட்டரி விளக்குதான் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பாத்ரூம் லைன் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ராத்திரி விளக்கே போடாவிட்டாலும் இதைச் செய்யலாம், கீசர் இருக்கிற இடம் அது. சென்சார் வாங்கும்போது ஐபி 44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான குறியீடு) என்று இருந்தால் நல்லது, மலிவாகக் கிடைப்பவை பல தண்ணீர் தாங்காத ஐபி 20தான், அவற்றைக் குளிக்கும் பக்கம் மாட்டவே கூடாது.

மைக்ரோவேவ் சென்சார் என்று இன்னொன்றும் தருவார்கள், அலைகளை அனுப்பி அவை பட்டுத் திரும்புவதை வைத்து அசைவைப் பிடிப்பது, இது இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கும் என்பார்கள். நுணுக்கம்தான் பிரச்சினை. அது பிவிசி கதவைத் தாண்டியும் பார்க்கும். படுக்கையறையில் ஒருவர் நடந்தாலே பாத்ரூமில் விளக்கு எரியும். எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றினாலும், பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஓடினாலும் அதற்கு அசைவுதான். பிஐஆர் கதவைத் தாண்டிப் பார்க்காது, பாத்ரூமுக்கு அது வரம்.

பிஐஆருக்கும் குறை உண்டு. சுவரின் சூட்டுக்கும் உடம்பின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கிறது. மதுரையில் மே மாதம், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில், ராத்திரியிலும் சுவரின் சூடு இறங்காது. தோலின் சூடு 33, 34 டிகிரி என்றால் சுவரும் அதே அளவில் நிற்கும். அப்போது சென்சார் பிடிக்கும் தூரம் நன்றாகக் குறைந்துவிடும். சின்ன பாத்ரூமில் ஆள் சில அடிக்குள்தான் இருப்பார், அதனால் எங்களுக்கு இது தொந்தரவாக இல்லை. நீளமான பாத்ரூமுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

அசையாமல் உட்கார்ந்திருந்தால் அணைந்துவிடுவதும் பிஐஆரின் குணம். இங்கேயும் வயர் வகைதான் வசதி: பின்னால் ‘டைம்’ என்று ஒரு திருகு இருக்கும், அதில் ஐந்து நிமிஷம் வைத்துவிட்டோம். பேட்டரி வகையில் 20 விநாடிக்கு ஒருமுறை கையை ஆட்ட வேண்டும். எவ்வளவு இருட்டானால் எரிய வேண்டும் என்று வைக்கிற ‘லக்ஸ்’ திருகை நிலாப் படம் போட்ட பக்கமாகத் திருப்பி வையுங்கள், ஆனால் ராத்திரியில் சோதித்துப் பாருங்கள். பகலில் கதவை மூடிக்கொண்டு பார்த்தால் சரியாகத் தெரியாது. ஒரே ஒரு எரிச்சல், உள்ளே விளக்கைப் போட்டு அணைக்கிற ரிலே ‘டிக்’ என்று சத்தம் போடும். அப்பாவுக்கு அது கேட்பதில்லை, எனக்குக் கேட்கிறது.

வாடகை வீட்டில் சுவரில் துளை போட முடியாது என்பது நியாயமான காரணம். அங்கே பேட்டரி வகைதான், ஆனால் யுஎஸ்பி பட்டையை விட்டுவிட்டு ட்ரிபிள் ஏ போடுவதை வாங்குங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி இரண்டு செட் வைத்துக்கொண்டால், ஒரு செட் விளக்கில், ஒரு செட் அலமாரியில். கழற்றியதும் மாற்றிவிடலாம், விளக்கு ஒரு ராத்திரிகூட இருட்டாக இருக்காது. இவை செல்லுக்கு 1.2 வோல்ட்தான், சாதாரண பேட்டரி 1.5. அதனால் சில விளக்குகள் கொஞ்சம் மங்கலாக எரியும், பாத்ரூமுக்கு அது ஒரு குறையே இல்லை. மாற்றும் நாளை நினைவில் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். காலண்டரில் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொள்ளுங்கள், தீர்ந்ததா இல்லையா என்று பார்க்காமலே அன்றைக்கு மாற்றிவிடுங்கள். ஆள் அதிகம் உள்ள வீடு என்றால் பௌர்ணமியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.