குளிரில் கிளம்ப அடம்பிடிக்கும் பெட்ரோல் கார்ட்: கார்புரேட்டரைக் கடைசியில் கழற்றுங்கள்

மிதியை அழுத்தினால் எஞ்சின் ஓடி, காலை எடுத்தால் நின்றுவிடும் சிறிய பெட்ரோல் சரக்குக் கார்ட்களைப் பற்றியது இது. வெயில் நாளில் தொட்டதும் கிளம்பும் வண்டி, குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ‘உர்ர்... உர்ர்...’ என்று இழுத்துக்கொண்டே இருக்கும். கேட்டவுடன் எல்லோரும் சொல்வது ஒன்றே: “கார்புரேட்டர் அடைச்சிருக்கும்.” பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்தான் கார்புரேட்டர். சில சமயம் அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இந்த வண்டியின் அமைப்பில் பேட்டரிக் கோளாறே பெட்ரோல் கோளாறு மாதிரி வேஷம் போடும்.

காரணம் பெட்ரோல் பம்ப். இந்த வகை கார்ட்கள் பலவற்றில் மின்சாரப் பம்ப் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் கேஸில் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள எஞ்சின் அறையில்) உண்டாகும் அழுத்தத் துடிப்பு ஒரு சின்னக் குழாய் வழியாக வந்து, பம்பின் ரப்பர் சவ்வை ஆட்டும். பேட்டரி பலவீனமாகி எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் துடிப்பும் பலவீனமாகிறது. சில நாள் சும்மா நின்ற வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிக் குறைந்திருந்தால், அது நிறைவதற்குள் பேட்டரி படுத்துவிடும். தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்து கிடக்கும். உடனே பழி கார்புரேட்டர் மேல் விழும்.

ஆகவே மல்டிமீட்டரை முதலில் எடுங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரான செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால், ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால் பேட்டரியை மாற்றுங்கள். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியின் சுற்றும் சக்தியே ஏறக்குறைய பாதியாகிவிடும். அதோடு இந்த வண்டியில் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் செல்ஃப் வேலை செய்கிறது. நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி நூறு மீட்டர் என்று போனால், எடுத்த சார்ஜ் திரும்புவதே இல்லை. குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை வெளிச் சார்ஜரில் போடுவது நல்லது. முழுதாகத் தீர்ந்த பேட்டரி கடுங்குளிரில் உறைந்தும் போகும். உறைந்ததைச் சார்ஜில் போடவே கூடாது.

பேட்டரி சரி, ஆனாலும் சுற்று மந்தம் என்றால் கேபிளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்துச் சுற்றவிடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பக்க இணைப்பு) சரியில்லை. பாசிட்டிவ் பக்கம் பேட்டரியிலிருந்து செல்ஃப் வரை, செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான சொலினாய்டையும் சேர்த்து, 0.5-ஐத் தாண்டக் கூடாது. பளபளவென்று தெரியும் டெர்மினலுக்கு அடியில் பச்சை பூத்திருப்பது சகஜம். கழற்றித் தேய்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். பெல்ட் மூலம் சுற்றும் செல்ஃப் என்றால், குளிரில் விறைத்துப் பளபளத்த பெல்ட் வழுக்கும்; கீச்சென்ற சத்தமே காட்டிக்கொடுக்கும்.

எண்ணெயும் முக்கியம். தடித்த எண்ணெய் இந்தச் சின்ன எஞ்சினைப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். கையேடு அனுமதித்தால் குளிருக்கு 5டபிள்யூ-30 போடுங்கள். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் அடித்தால், பம்பின் சவ்வு கிழிந்து துடிப்புக் குழாய் வழியாகப் பெட்ரோல் உள்ளே போகலாம்; குளிரில் கிளம்பக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை மணிக்கணக்கில் இழுத்து வைத்தாலும் இதே வாசம் வரும்.

பலரும் மறக்கும் இடம் வால்வு இடைவெளி. பல சிறு எஞ்சின்களில், சுற்றும்போது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிக் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவதை) குறைக்கும் அமைப்பு, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டில் உண்டு. இடைவெளி அதிகமானால் அந்தச் சின்னத் தூக்கல் வால்வுக்கு எட்டாது. எஞ்சின் ஒரு இடத்தில் முட்டி முட்டி நிற்கும். ஆள் புதுப் பேட்டரி வாங்கிக்கொண்டிருப்பார். மறுபக்கம், இடைவெளி அறவே இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளவெடுங்கள். பொதுவாக 0.10 மி.மீ.யைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் உங்கள் எஞ்சினின் கையேட்டு எண்தான் கணக்கு.

இதெல்லாம் சரியான பிறகே பெட்ரோல் பக்கம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக்கை இழுக்கச் சொல்லி உள்ளே பாருங்கள். தகடு ஓரம் வரை மூடவேண்டும். கேபிள் தொங்கிப்போய் முக்கால்வாசியில் நின்றால் வெயிலில் கிளம்பும், குளிரில் கிளம்பாது. தகடு இல்லாமல் பிஸ்டன் மாதிரித் தண்டு தூக்கும் வகை சோக் என்றால், மிதியை ‘டிக்’ என்று சுவிட்ச் விழும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். முழுதாக மிதித்தால் அந்தச் சோக் வேலையே செய்யாது.

பழைய பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி பறந்துபோயிருக்கும். குளிரில் பற்றவேண்டியது அதுதான். மூன்று மாதம் தொட்டியில் நின்றதை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பிப் பார்த்த பிறகு, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளைப் பாகமான ஜெட்டைக் கழற்றுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் துளை மயிரிழை அளவுதான். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், க்ளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள்.

பிளக் ஈரமாகவே வந்தால் கதை வேறு: பெட்ரோல் வருகிறது, தீப்பொறி போதவில்லை, அல்லது சோக் அதிகம். கையேட்டில் சொன்ன இடைவெளியோடு, பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ., புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். சோக்கை உள்ளே தள்ளி, மிதியை முழுதாக அழுத்தி 5 விநாடி சுற்றினால் தேங்கிய பெட்ரோல் வெளியேறும். எப்படிச் சுற்றினாலும் 10 விநாடிக்கு மேல் தொடராதீர்கள், அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். ஈதர் ஸ்ப்ரே வேண்டாம். கிளம்பவைக்கும்தான், ஆனால் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிட்டுப் போகும்.