திரையில் ஒரு பச்சை, அட்டையில் ஒரு பச்சை: லோகோ செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

புதிதாகத் தொழில் தொடங்கி லோகோ, விசிட்டிங் கார்டு என்று இறங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒரு டிசைனரிடம் லோகோவும் கலர் பேலட்டும் கேட்டிருந்தேன். அவர் அனுப்பியதில் முக்கிய நிறம் பளீரென்ற மஞ்சள் பச்சை. சார்ட்ரூஸ் என்பார்கள், திரைக்கான அளவு சிவப்பு 127, பச்சை 255, நீலம் 0. பார்த்ததுமே பிடித்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது 555 நானோமீட்டரை ஒட்டிய ஒளி. அது மஞ்சள் பச்சைதான். "பிரிண்ட்லயும் இப்படியே வருமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஸ்கிரீன்ல பாக்குற அதே கலர் வரும் மேடம், நான் கேரண்டி" என்றார். நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

1000 கார்டு வந்தது. ஒன்றை உருவி லேப்டாப் திரையோரம் வைத்துப் பார்த்தேன். திரையில் இளந்தளிராக ஒளிர்ந்த நிறம் அட்டையில் வாடிய புல்லாகக் கிடந்தது. அதன் மேல் வெள்ளை எழுத்தில் போன் நம்பர். கையை நீட்டிப் பிடித்தால் 3 எது, 8 எது என்று தெரியவில்லை.

டிசைனர் பழியைப் பிரஸ் மேல் போட்டார். பிரஸ்காரரோ ஃபைலைத் திறந்தே காட்டிவிட்டார். திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையான ஆர்ஜிபியில் டிசைனர் அப்படியே அனுப்பியிருக்கிறார்! திரை தானாக ஒளி விடுகிறது, காகிதம் தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். அச்சுக்கான சிஎம்ஒய்கே மைகள் (சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) நான்கையும் எப்படிக் கலந்தாலும் இந்தப் பளிச்சு வராது. கிட்டத்தட்ட வர வேண்டுமானால் ஃப்ளோரசன்ட் ஸ்பாட் மை, அதாவது முன்கூட்டியே கலந்து வரும் ஒளிரும் தனி மை போட்டு, அதற்கென்று தனி அச்சுத் தகடு (பிளேட்) எடுக்க வேண்டும். அதுவும் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். டிசைன் தொழிலில் இதெல்லாம் அரிச்சுவடி. முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வெப்சைட்டிலும் இதே கோளாறு. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாட்டு விகிதம்) குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது, வெப்சைட்டை எல்லோரும் எளிதாகப் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை. இந்தப் பச்சை மேல் வெள்ளை எழுத்துக்கு வெறும் 1.3தான். கறுப்பு எழுத்தாக இருந்திருந்தால் 16. திருத்திக் கொடுங்கள் என்றேன். "அது புது வேலை, தனி சார்ஜ்" என்றவர், பிறகு போனையே எடுக்கவில்லை. லோகோவைத் திருத்தத் தேவையான மூல ஃபைலும் இன்று வரை வரவில்லை.

இந்த நிறத்தை யாராவது உங்களிடம் காட்டினால் அச்சுக்கான சிஎம்ஒய்கே எண்களை எழுத்தில் கேளுங்கள். புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரி) என்று பிடிஎஃப் அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அச்சாகப்போகும் அதே அட்டையில் ஒன்று அடித்துத் தரச் சொல்லி, ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மூல ஃபைல் கைக்கு வராமல் கடைசித் தவணை வேண்டவே வேண்டாம்.

நிறத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. இப்போது வெப்சைட்டில் கரும்பச்சைப் பின்னணியில் ஒரே ஒரு பட்டனுக்கு மட்டும் வைத்திருக்கிறேன், அழகாக இருக்கிறது. அந்த டிசைனர் இன்னமும் என் கார்டைத் தன் போர்ட்ஃபோலியோவில் மாதிரியாகக் காட்டுகிறார். அதில் இருப்பது திரையில் செய்த படம்தான். அச்சடித்த கார்டின் போட்டோ கிடையாது.