பிராக் பழைய நகரில் ஒரு நாள் நடைச் சுற்றுலா: சனிக்கிழமையைத் தவிருங்கள்

பிராக் நகரின் பழம்பகுதிகளை ஒரே நாளில் நடத்திக் காட்டும் வழிகாட்டிச் சேவை ஒன்றில் கடந்த வசந்த காலத்தில், ஒரு சனிக்கிழமையன்று, கலந்துகொண்டேன். காலை எட்டரை மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணி வரை நீண்ட அந்த நடையில் பதினான்கு பேர் இருந்தோம். கொடுத்த பணத்துக்கு மேலான பயனைத் தந்த நாள் அது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. அது சிறிய குறை அல்ல என்பதால் அதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

வழியை அமைத்திருந்த முறையை முதலில் பாராட்ட வேண்டும். வருபவர்களில் பலர் பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, களைத்த கால்களோடு கோட்டைக் குன்றின் மேல் ஏறுகிறார்கள். எங்கள் வழிகாட்டி 22-ஆம் எண் டிராமில் எங்களை முதலிலேயே கோட்டைக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அதன் பிறகு நாள் முழுவதும் இறக்கமும் சமதரையும்தான். சிறு சிறு கற்கள் பாவிய தெருக்களில் மணிக்கணக்கில் நடப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை பிற்பகலில் புரியும். கோட்டைக்குள் செல்லும் நுழைவுச் சீட்டு சுற்றுலாக் கட்டணத்தில் அடங்காது. அதைத் தனியே செக் நாணயமான கொருனாவில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

புனித விட்டஸ் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1344-இல். கட்டி முடிக்கப்பட்டது 1929-இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், வழிகாட்டி எங்களைத் தெற்கு முற்றத்தில் நிறுத்தி, பெரிய கோபுரத்துக்குக் கிழக்கே உள்ள சுவரையும் மேற்கே உள்ள சுவரையும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னார். கிழக்கே இருப்பது பதினான்காம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் பீட்டர் பார்லர் நடத்திய பணி. மேற்கே இருப்பது, பதினைந்தாம் நூற்றாண்டின் மதப் போர்களான ஹுசைட் போர்களால் நின்றுபோய்ப் பல நூற்றாண்டுகள் குறையாகக் கிடந்த கட்டடத்தைப் பிற்காலத்தவர் அதே பாணியில் நிறைவு செய்த பணி. சுற்றுலா நூல்களில் வெறும் ஆண்டுகளாகப் படித்திருந்த அந்த இடைவெளியைக் கல்லிலேயே காண முடிந்தது. உள்ளே செக் ஓவியர் அல்போன்ஸ் முகா வரைந்த, 1931-இல் பொருத்தப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் முன்னும் போதிய நேரம் கொடுத்தார். கோட்டைக்குள் சிறு வீடுகள் வரிசையாக உள்ள பொற்சந்தில் நெரிசல் அதிகம். எழுத்தாளர் காஃப்கா சில காலம் எழுதிய 22-ஆம் எண் வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

நெருதோவா தெரு வழியாக இறங்கும்போது வீட்டு வாசல்களின் மேலுள்ள சின்னங்களைக் காட்டினார். 1770-இல் வீடுகளுக்கு எண்ணிடும் முறை வருவதற்கு முன் இந்தச் சின்னங்களே முகவரியாக இருந்தன. மூன்று வயலின்கள் பொறித்த வீட்டில் ஒரு காலத்தில் வயலின் செய்பவர்கள் குடியிருந்தார்கள்.

சார்லஸ் பாலத்தை நாங்கள் அடைந்தது நண்பகலில். 1357-இல் தொடங்கிய 516 மீட்டர் நீளமுள்ள அந்தக் கற்பாலத்தில் அந்த நேரத்தில் நின்று கேட்பது கடினம். காதில் மாட்டும் ஒலிபெருக்கிக் கருவி எதுவும் தரப்படாததால், பின்னால் நின்றவர்களுக்கு வழிகாட்டியின் குரல் எட்டவில்லை. 1393-இல் ஆற்றில் வீசப்பட்ட பாதிரியார் நெபோமுக் யோவானின் சிலை 1683-இல் நிறுவப்பட்டது என்பதையும், பாலத்தின் பல சிலைகள் பிரதிகளே, மூலங்கள் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன என்பதையும் அருகில் நெருங்கி நின்றதால்தான் நான் கேட்டேன். பாலத்தை அமைதியாகப் பார்க்க விரும்புவோர் விடியற்காலையில் தனியே ஒருமுறை வந்துவிட வேண்டும்.

அன்றைய நடையின் மிகச் சிறந்த பகுதி, பழைய நகரச் சதுக்கத்தில் நகர மன்றச் சுவரில் உள்ள வானியல் கடிகாரத்தின் முன் கழித்த அரை மணி நேரம். மணி அடிக்கும்போது எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுப்பதையும் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் சாளரங்களில் வலம் வருவதையும் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் அது முடிந்ததும் ஏமாற்றத்தோடு கலைந்துவிடுகிறது. எங்கள் வழிகாட்டி இருபது நிமிடம் முன்னதாகவே அழைத்து வந்து, 1410-இல் உருவான அந்த முகப்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ரோமன் எண்கள் இன்றைய நேரத்தைக் காட்டுகின்றன. வெளிவளையத்தின் எண்கள், சூரியன் மறையும் பொழுதை 24 எனக் கொண்ட பழைய போஹிமிய (செக் நாட்டின் மேற்குப் பகுதி) நேரத்தைக் காட்டுகின்றன. பகலின் நீளம் மாறுவதற்கேற்ப அந்த வளையம் ஆண்டு முழுவதும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அன்று மாலை சூரியன் மறைய இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை நாங்களே முகப்பிலிருந்து கணக்கிட்டோம். 1945 மே மாதச் சண்டையில் நகர மன்றத்தோடு கடிகாரமும் தீக்கிரையாகிப் பின் சீர்செய்யப்பட்டது என்பதை அறிந்தபோது, அது இன்றும் ஓடுவதே எனக்கு வியப்பாக இருந்தது. அருகிலேயே தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகள், ஹாப்ஸ்பர்க் பேரரசரின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்ததற்காக 1621 ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்டவர்களுக்கானவை. வழிகாட்டி சொல்லியிராவிட்டால் அவற்றின் மேலேயே நடந்து போயிருப்பேன்.

இனி அந்தக் குறை. நிகழ்ச்சி நிரலில் யூதர் குடியிருப்பான யோசெபோவ் முழுப் பகுதியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் அங்குள்ள தொழுகைக் கூடங்களும் பழைய கல்லறையும் யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை முன்பதிவின்போது எங்கும் சொல்லவில்லை. 1270-ஐ ஒட்டிய காலத்துப் பழைய-புதிய தொழுகைக் கூடத்தைத் தெருவிலிருந்தும், கல்லறையை அதன் மதிற்சுவர் வழியாகவும் பார்த்துவிட்டு இருபது நிமிடங்களில் திரும்பினோம். வழிகாட்டி மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டார். பிழை அவருடையதன்று, சனிக்கிழமையிலும் அதே நிரலை விற்கும் நிறுவனத்துடையது. முன்பதிவுப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் இது சரியாகிவிடும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் தனியே திரும்பிச் சென்றேன். பிங்காஸ் தொழுகைக் கூடத்தின் சுவர்களில், போஹிமியாவிலும் மொராவியாவிலும் வாழ்ந்து நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. குடும்பப் பெயர் சிவப்பில், தனிப்பெயரும் தேதிகளும் கறுப்பில். 1950-களில் எழுதப்பட்ட அந்தப் பெயர்கள் பின்னர் அழிந்துபோக, 1990-களில் மீண்டும் ஒவ்வொன்றாக எழுதினார்கள். அங்கே இருந்தவர்கள் யாரும் பேசவில்லை. ஒரே ஒரு அறையின் சுவர்களை வாசிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.