104 ரூபாய் குறைந்ததற்கு 1,444 ரூபாய்: வேலூரில் ஒரு தனியார் வங்கிக் கணக்கு

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை பார்த்தபோது சம்பளத்துக்காக அவர்களே தொடங்கிக் கொடுத்த கணக்கு இது. மினிமம் பேலன்ஸ் தேவையில்லை, ஏடிஎம் கார்டு இலவசம், நாலு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அதனால்தான் வேலையை விட்டு காட்பாடியில் வேறு கடைக்கு வந்த பிறகும் வண்டி டியூவை இதிலேயே விட்டு வைத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. சில மாதம் சம்பளம் வரவில்லை என்றால் சம்பளக் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுகிறார்கள், அப்புறம் 10,000 ரூபாய் மினிமம் பேலன்ஸ் வேண்டும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

5-ஆம் தேதி டியூ 3,150. கணக்கில் 3,400 இருந்தது, போதும் என்று நிம்மதியாக இருந்தேன். 4-ஆம் தேதி மினிமம் பேலன்ஸ் இல்லை என்று 300 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 54 ரூபாயும் எடுத்துவிட்டார்கள். மீதி 3,046. டியூ பவுன்ஸ். அதற்கு வங்கி 500, ஜிஎஸ்டியோடு 590. ஃபைனான்ஸ்காரர்கள் தனியாக ஒரு 500. ஆக மொத்தம் 1,444 ரூபாய், இது எனக்கு மூன்று நாள் கூலி. பணம் இல்லாதவனிடம்தான் பணம் இல்லை என்று அபராதம் வாங்குகிறார்கள், இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக ஸ்டேட்மெண்ட் எடுத்து ஒவ்வொரு வரியாக விளக்கினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேனேஜர், "அது சிஸ்டம் தானா எடுக்கிறது சார்" என்றதோடு முடித்துக்கொண்டார்.

சரி என்று வீட்டுக்கு வந்து ரிசர்வ் வங்கி விதியைத் தேடிப் படித்தேன். 2015 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது: பேலன்ஸ் குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், மெயில் அல்லது கடிதத்தில் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது நேரம் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் அபராதம். அந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போகவும் கூடாது. இதை எழுதி, எனக்கு அறிவிப்பு அனுப்பிய ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். அவர்களால் காட்ட முடியவில்லை. பத்து நாளில் 354 திரும்பி வந்தது. அதை எடுக்காமல் இருந்தால் டியூ போயிருக்குமே, அப்படியென்றால் 590-ம் தர வேண்டியதுதானே என்று கேட்டதற்கு முடியாது என்று பதில். வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் புகார் போட்டிருக்கிறேன். செலவு எதுவும் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம், 14448-க்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம். ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ 30 நாளில் பதில் தராவிட்டாலோதான் இங்கே எடுத்துக்கொள்வார்கள்.

கம்பெனி மாறியவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் நிறையப் பேர் இருப்பீர்கள், பழைய சம்பளக் கணக்கு இப்போது எந்த வகையில் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். ஸ்டேட் வங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்கில் இந்த அபராதத்தை எடுத்துவிட்டது, கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இல் எடுத்துவிட்டன. எந்த வங்கியிலும் அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று கேட்டால் மினிமம் பேலன்ஸே கிடையாது. நான் அதைத்தான் தொடங்கியிருக்கிறேன்.

பழைய கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். ஃபைனான்ஸில் புதிய கணக்கு எண்ணைக் கொடுத்தாலும் அது பதிவாக நாளாகும், புதிய கணக்கிலிருந்து முதல் டியூ போன பிறகு மூடுங்கள். எனக்கு அது இந்த மாதம்தான் போனது.